சத்துவாச்சாரி தெரு குழு: 20 மி.கி-ல ஏன் ஆரம்பிக்கணும்?

கோபால் மாமா: அண்ணனுக்கு சிஎல்எல்-க்கு, அதாவது வெள்ளையணுவுல வர்ற ஒரு ரத்தப் புத்துநோய்க்கு, வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை எழுதியிருக்காங்க. மொத வாரம் தினம் 20 மி.கி, அப்புறம் வாரத்துக்கு வாரம் 50, 100, 200. அஞ்சாவது வாரம்தான் 400. புத்துநோய் மருந்தை இப்படி சொட்டு சொட்டாவா குடுப்பாங்க? நேரா 400 போட்டா ஆகாதா?

ரேவதி சிஸ்டர்: ஆகவே ஆகாது மாமா. ஒரேயடியா வேலை செஞ்சிடும், அதான் பயம்.

உஷா டீச்சர்: ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் தானா சாகற ஏற்பாடு இருக்கு. 1972-ல கெர், வைலி, கரி மூணு பேரும் அப்போப்டோசிஸ்னு பேர் வச்சாங்க. கிரேக்கத்துல இலை உதிர்றதைச் சொல்ற வார்த்தை. கருவுல விரலுக்கு நடுவுல இருக்கிற சவ்வு இப்படித்தான் மறையுது. சிஎல்எல்-ல பிசிஎல்-2ன்ற புரதம் அளவுக்கு மீறி சேர்ந்து அந்த ஏற்பாட்டைப் பூட்டி வச்சிடும். சாக வேண்டிய வெள்ளையணு சாகாம தேங்கும்.

சரவணன் பார்மசி: மாத்திரை நேரா பிசிஎல்-2 மேலயே போய் ஒக்காந்துக்கும். அது அமுக்கி வச்சிருந்த புரதங்க விடுபட்டு செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவோட வெளிச்சவ்வுல ஓட்டை போடும். சைட்டோக்ரோம் சின்ற புரதம் வெளிய வரும், செல்லை வெட்டற காஸ்பேஸ் நொதிகள்ல 9-ம் நம்பர் முழிச்சுக்கும், பின்னாடியே 3. மணிக்கணக்குல செல் துண்டு துண்டு.

கோபால் மாமா: டீச்சர், இந்தச் சாவுல உள்ள இருக்கறது சிந்தாதுன்னுதானே சொல்வீங்க? அப்புறம் பொட்டாசியம் ஏறும்னு டாக்டர் ஏன் பயமுறுத்தறார்?

உஷா டீச்சர்: சரியான எடத்துல புடிச்சீங்க 👏 மேக்ரோபேஜ்ன்ற துப்புரவு செல் வந்து துண்டை உடனுக்குடன் முழுங்கினாத்தான் சுத்தம். மாசில வேப்பிலை கொட்டும்போது பெருக்க ஒரே ஆள்னா வாசல் என்ன கதி ஆகும்? முழுங்காம கெடக்கற துண்டும் கடைசில கிழிஞ்சிடும். பொட்டாசியம், பாஸ்பேட் ரத்தத்துல கொட்டும். டிஎன்ஏ-ல இருந்து யூரிக் ஆசிட் வரும். பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கும்.

ரேவதி சிஸ்டர்: புத்துநோய் செல் ஒரேயடியா உடைஞ்சு இப்படி ஆகறதைத்தான் டியூமர் லைசிஸ்னு எழுதுவாங்க. பொட்டாசியம் இதயத்துடிப்பைக் கெடுக்கும், யூரிக் ஆசிட் கிட்னிய அடைக்கும். அதான் 20-ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தறது, யூரிக் ஆசிட்டைக் கொறைக்கற அலோபூரினால் மாத்திரையை ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிக்கறது. தண்ணி ரெண்டு நாள் முன்னாடியிருந்து தினம் ஒன்றரைல இருந்து ரெண்டு லிட்டர், இந்த ஊர் வெயிலுக்கு கொறையவே கூடாது. நெறி கட்டினது 10 செ.மீ. இருந்தா மொத டோஸ் அட்மிஷன்ல.

கோபால் மாமா: நெறி 3 செ.மீ.தான். தண்ணிக்கு பதிலா இளநீர் குடுக்கலாமா?

ரேவதி சிஸ்டர்: ஐயோ வேணாம். அது பொட்டாசியம் நெறைய இருக்கிற சரக்கு. டாக்டரை கேக்காம தொடாதீங்க.

சரவணன் பார்மசி: மாத்திரை சாப்பாட்டோட, தினம் ஒரே நேரத்துல, ஒடைக்காம முழுங்கணும். மறந்தா 8 மணி நேரத்துக்குள்ள போடலாம், தாண்டினா மறுநாள்தான். வாந்தி எடுத்தாலும் அன்னிக்கு திரும்ப வேணாம். கிரேப்ஃப்ரூட், நட்சத்திரப்பழம் கூடாது. பம்பளிமாஸும் அதே வகையறா. முக்கியமா சளிக்கு கிளாரித்ரோமைசின், படைக்கு இட்ராகோனசோல்னு கடைல கேட்டு வாங்கிடாதீங்க. டோஸ் ஏத்தற அஞ்சு வாரத்துல இது சேர்ந்தா 20 மி.கி-யே பல மடங்கா வேலை செய்யும்.

கோபால் மாமா: நாளைக்கு காலைல 9 மணிக்கு மொத மாத்திரை. ரத்த டெஸ்ட் எப்ப?

ரேவதி சிஸ்டர்: மாத்திரைக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் 3-ல இருந்து 5 மணிக்குள்ள ஒண்ணு, மறுநாள் காலைல 9 மணிக்கு ஒண்ணு. அந்த ரிசல்ட் பாத்துட்டு சரின்னு சொன்னப்புறம்தான் ரெண்டாவது மாத்திரை. நடுவுல படபடப்பு, கைகால் இழுப்பு, சிறுநீர் கம்மியானா போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.