முழு இருட்டில் வைத்துப் பார்த்த எலிகள்

உடலுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் தாளத்தில் ஓடும் கடிகாரத்துக்குத் தேவையான கிரை1, கிரை2 என்ற இரண்டு மரபணுக்களும் இல்லாத சுண்டெலிகளோடு வேலை செய்த அனுபவம் இது. கூண்டுக்குள் ஓடுசக்கரம் இருக்கும். அது சுற்றச் சுற்றக் கணினியில் கோடுகள் விழும். ஒரு நாளுக்கு ஒரு வரி, மறுநாள் அதற்குக் கீழே. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று வைத்திருந்தவரை இவற்றிடம் ஒரு குறையும் தெரியவில்லை. விளக்கு அணைந்ததும் சக்கரத்தில் ஏறும், எரிந்ததும் சுருண்டு படுத்துவிடும். பக்கத்துக் கூண்டின் சாதாரண எலியும் அப்படித்தான்.

அப்புறம் விளக்கே போடாமல் விட்டோம். சாதாரண எலி தினமும் கால் மணி நேரம் போல முன்னதாக எழுந்து ஓடியது. அதன் உடல் கடிகாரம் காட்டும் சொந்த நாள் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் பதிவு படிக்கட்டு போல ஒழுங்காகச் சாய்ந்து இறங்கியது. மரபணு இல்லாத எலியோ முதல் நாளிலிருந்தே கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் தூக்கம், மறுபடி ஓட்டம் என்று நாள் முழுக்கச் சிதறிப்போனது. அதுவரை அதை ஒழுங்காகக் காட்டியது வெளிச்சம்தான். வெளிச்சம் எலியின் ஓட்டத்தை நேரடியாகவே அடக்கிவிடும்.

செல்லுக்குள் அந்தக் கடிகாரம் ஓடுவது இப்படி: கிளாக், பிமால்1 புரதங்கள் பெர், கிரை மரபணுக்களை இயக்குகின்றன. உருவாகும் பெர், கிரை புரதங்கள் உட்கருவுக்குத் திரும்பி அந்த இயக்கத்தையே நிறுத்துகின்றன. அவை சிதைந்ததும் மறுபடி தொடக்கம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். கிரை இரண்டும் இல்லையென்றால் நிறுத்த ஆளில்லை. கிரை1 மட்டும் இல்லாவிட்டால் நாள் சுமார் ஒரு மணி நேரம் சுருங்கும், கிரை2 மட்டும் இல்லாவிட்டால் நீளும். இந்த எதிர்த்திசை எனக்கு இன்னும் வியப்புதான்.

புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிச்சச் சுழற்சியில் மட்டும் அளந்து 'தாளம் சரி' என்று எழுதிவிடாதீர்கள். இருட்டில் தீனி வைக்கும் நேரத்தையும் மாற்றி மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் எலி அதையே கடிகாரமாக்கிக்கொள்ளும்.

—

அருமையான பகிர்வு. நான் பார்த்தது அதே கதையின் உட்பக்கம். பெர் புரதங்களில் ஒன்றான பெர்2வோடு, ஒளியை உண்டாக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியைச் சேர்த்த சுண்டெலி 2004ல் வந்தது. அதன் மூளையில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே இருக்கும், உடல் கடிகாரத்தின் மையமான நரம்புக்கொத்தை மெல்லிய துண்டாக வெட்டித் தட்டில் வளர்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான ஒளி, ஆனால் உணர்கருவியில் தினமும் ஏறி இறங்கியது, நாள்கணக்கில். கல்லீரல் துண்டிலும் அதே அலை வந்தது. அதன்பிறகு எந்த ஓட்டப் பதிவைப் பார்த்தாலும் எனக்கு அந்த அலைதான் முதலில் தெரிகிறது.