எல்லை வேலியில் தெரிந்த முதிர்ச்சி

ஆவிக்குரிய முதிர்ச்சியை யாரிடத்தில் கண்டீர்கள் என்ற கேள்விக்கு எழுதியவர்களில் பலர் நீண்ட உபவாசத்தையும் முழு இரவுச் செபத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நான் கண்ட முதிர்ச்சி ஒரு காணிப் பிணக்கில் வெளிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க எல்லை வேலியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

தெல்லிப்பழைப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. போர் முடிந்து காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்ட காலத்தில் ரீச்சர் திரும்பிவந்தபோது, அவருக்கு முன்பே மீளக்குடியேறிவிட்ட அயலவர் புதிதாகக் கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) நட்டு அடைத்த வேலி, காணி உறுதியில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எல்லையைத் தாண்டி இவருடைய வளவுக்குள் வந்திருந்தது. அந்த அயலவரும் எங்கள் சபையார்; இருவரும் ஒரே திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள்.

சபையில் இரண்டு கட்சிக்கும் வசனம் கிடைத்தது. சகோதரர் ஒருவரோடொருவர் வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகிப்பது நல்லதென்று 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருப்பதைக் காட்டி, விட்டுக்கொடுப்பதே ஆவிக்குரிய செயல் என்றனர் சிலர். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகமம் 27:17ஐக் காட்டி, நீதிமன்றத்துக்குப் போகும்படி தூண்டினர் வேறு சிலர். (வசனம் காட்டிய இரு பகுதியாரிலும் எவருக்கும் அந்த வளவில் ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை.)

ரீச்சர் மத்தேயு 18:15இன்படி நடந்தார். பழைய உறுதியையும் நில அளவைப் படத்தையும் ஒரு சீலைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரையும் அழைக்காமல், அயலவரின் விறாந்தையில் போய் இருந்தார். படத்தை விரித்து, எந்தப் பூவரசிலிருந்து எந்தப் பூவரசு வரை எல்லை ஓடியது என்று விரலால் காட்டினார். பின்னர் நான் விசாரித்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, அவர் தேத்தண்ணி தந்தவர், நான் குடிச்சனான். குடியாமல் எழும்பி வந்திருந்தால் வழக்குக்குப் போன மாதிரி ஆகியிருக்கும்.”

அயலவர் உடனே இணங்கவில்லை. பிறகு வேலியை ஓரளவு பின்னால் எடுத்தார், முழுவதும் அல்ல. ரீச்சர் எஞ்சிய துண்டை எழுதிக்கொடுக்கவும் இல்லை, அதைக் காரணம் காட்டி அயலவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவும் இல்லை. ரீச்சருடைய பொறுமையையே எல்லோரும் பாராட்டினர். எனக்கோ, பிழையைப் பிழையென்று முகத்துக்கு நேரே சொன்னதும், அதைச் சொல்லும் வேளையையும் விதத்தையும் அவர் அறிந்திருந்ததுமே பெரிதாகத் தோன்றியது. பலமான ஆகாரம், அதாவது ஆழ்ந்த போதனை, யாருக்குரியது என்று கூறும் எபிரெயர் 5:14, நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிகிறவர்களைத்தான் குறிப்பிடுகிறது. வசனத்தை மனப்பாடமாக ஒப்புவிப்பவர்களை அங்கே காணவில்லை. ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனையோடு வளர்ச்சி நிறைவடைந்துவிட்டதாக நடந்துகொள்ளும் நம்மில் பலருக்கு அந்தப் பயிற்சி தொடங்கியதே இல்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து இன்னொரு உறுப்பினர் எழுதியது:

பயிற்சி பற்றிக் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முதிர்ச்சி நம்முடைய முயற்சியின் கூலி என்று அதை விளங்கிக்கொள்ளக் கூடாது. எங்கள் அயலில் சைவ சித்தாந்தம் கற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். உயிரைப் பிணித்த மலம் நீங்கும் பக்குவமாகிய மலபரிபாகம் உண்டான உயிரிலேயே, இறையருள் பதிதலாகிய சத்திநிபாதம் நிகழும் என்பதையும், அந்தப் பரிபாகத்துக்கும் இறைவனுடைய மறைப்பாற்றலே துணைநிற்கிறது என்பதையும் எனக்குப் பொறுமையாக விளக்கியவர் அவரே. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவம், இந்து சமயம் ஆகிய இரண்டிலும் உள்ள அருட்கோட்பாட்டை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டதை நான் அறிந்ததும் இத்தகைய உரையாடல்களினால்தான். எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் கிருபை முந்துகிறது, நற்கிரியைகள் அதன்பின் வருகின்றன என்று நான் சொன்னபோது அந்தப் பெரியவர் கேட்டார்: “அப்ப கிருபை கிடைச்ச உடனே உங்கட ஆக்களுக்குப் பக்குவம் வந்திடுமோ?”

வராது என்று ஒப்புக்கொண்டேன். எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று 1 கொரிந்தியர் 1:7இல் பாராட்டப்பட்ட அதே சபையாரை, 3:1இல் பவுல் கிறிஸ்துவுக்குள் குழந்தைகள் என்று அழைப்பதைக் காட்டினேன். பெரியவர் வேதாகமத்தைக் கையில் வாங்கித் தொடர்ந்து வாசித்தார். பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, “இது எங்கட கோயில் நிர்வாக சபைக்கும் பொருந்தும்” என்று சொல்லிச் சிரித்தார்.