ஏழு மணியாகியும் ஏன் விடியவில்லை? அம்மா கேட்ட கேள்வியோடு தொடங்கும் வருஷம்

பிடோக்வாசி (ஜனவரி 1)

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். நேற்றுக் காலை நான் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சன்னலோரம் நின்று, "ஏன்டி, மணி ஏழாகப் போகுது, இன்னும் பொழுது விடியலையே, மழை இருட்டா?" என்று கேட்டார்கள். மழை இல்லை, இங்கே எப்போதும் இப்படித்தான் என்றேன். "அதான் ஏன்னு கேக்கறேன்" என்றார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சிங்கப்பூருக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. தினமும் 6:40 பேருந்துக்கு இருட்டில்தான் நிற்கிறேன். ஊரில் இந்த மாதத்தில் ஆறரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். இந்த வித்தியாசம் ஏன் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் தேடி, வந்த ஒரு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் ஏதாவது ஒரு வகுப்பில் சேருவேன்: எக்செல், ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் மென்பொருள். சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அவற்றால் சம்பளம் உயர்ந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்புகளில் எதிலும், நேற்று ராத்திரி அம்மாவின் கேள்வி என்னைத் தூங்க விடாமல் செய்ததுபோல எதுவும் செய்ததில்லை.

இந்த வருஷம் யாரும் பரீட்சை வைக்காத ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறேன். இந்தக் கேள்வியிலேயே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதிலாக மட்டும் வேண்டாம், நானே பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்றும் கேட்க வேண்டும். பரீட்சையும் சான்றிதழும் இல்லாமல் படிக்கிறவர்கள், பிப்ரவரி வந்ததும் விட்டுவிடாமல் எப்படித் தொடர்கிறீர்கள்?

செம்பவாங் தாத்தா (ஜனவரி 1)

தங்கச்சி, உங்கள் அம்மா கேட்டதை நான் 1981 டிசம்பர் 31 ராத்திரியே கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு 23 வயது. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை. பதினொன்றரைக்கு மேற்பார்வையாளர் வந்து, "கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வையுங்கள்" என்றார். தள்ளி வைத்தோம். 1982 அரை மணி முன்னாலேயே பிறந்துவிட்டது. ஷிஃப்டில் அரை மணி குறைந்த சந்தோஷத்தில் நான் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பை வீட்டுக் கணினியில் திறந்து தேடினேன். மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் கிழக்கே போர்னியோ தீவில் இருக்கிற சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வைக்க முடிவு செய்தது, நாமும் கூடவே மாறினோம். அதற்கு முன்னாலும் பல தடவை மாறியிருக்கிறோம். 1905இல், உலக நேரத்துக்கு அடிப்படையான லண்டன் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941இல் இன்னும் 10 நிமிடம். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் கூடியது. என் அப்பா கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். "அந்தக் காலத்தில் எட்டு மணிக்குத்தான் விடியும்" என்பார். பசியிலும் பயத்திலும் அப்படித் தோன்றியிருக்கும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்பா சொன்னது அப்படியே உண்மை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இறந்து 30 வருஷம் கழித்து அவரோடு பேசிய மாதிரி இருந்தது.

கணக்கு சுலபம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அப்படியானால் மணிக்கு 15 பாகை. சிங்கப்பூர் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 104 பாகையில் இருக்கிறது. 15ஆல் வகுத்தால் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவாக வரும். சூரியன்படி நமக்கு அதுதான் நேரம். நாம் வைத்திருப்பதோ 8. அது 120 பாகைக்கு உரியது, பிலிப்பைன்ஸின் மேற்குக் கரையை ஒட்டிப் போகிற கோடு. ஆகவே நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணிக்கு மேல் முன்னால் ஓடுகிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம். வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறது என்று பாருங்கள். அப்போது மணி நிச்சயம் 12 ஆக இருக்காது.

எப்படித் தொடர்வது என்று கேட்டீர்கள். என்னைத் தொடர வைப்பது ஒரு மரம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. தென் அமெரிக்கப் பக்கத்து மரம், 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. மலாய்க்காரர்கள் இதைப் புக்குல் லீமா என்பார்கள், ஐந்து மணி என்று அர்த்தம். சாயங்காலம் ஐந்துக்கு இலை மடங்கும் என்பதால் வந்த பெயர். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் மடங்கத் தொடங்குவது ஆறு மணி வாக்கில். பெயர் தப்போ என்று நினைத்தேன். பழைய கடிகாரத்தின் ஐந்துதான் இன்றைய ஆறு என்பது பிறகுதான் உறைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அரிசியைவிடச் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறது. அதற்குள் தண்ணீர் ஏறி இறங்குவதால்தான் இலை விரிவதும் மடங்குவதும். மழை நாளில் சீக்கிரமே மடங்கிவிடும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நேரத்தை எழுதி வருகிறேன், இது நாலாவது நோட்டு.

பொங்கோல் அப்பா (ஜனவரி 2)

தப்பாக நினைக்காதீர்கள் அக்கா. 40 வயது தாண்டிய குடிமக்களுக்கு, அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் 4,000 சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை வேலைக்கு உதவுகிற ஒரு படிப்பில் போடலாமே? வீடு, பிள்ளைகள், துணைப்பாடம் என்று ஓடுகிற நமக்கு நிழலை அளக்க நேரம் ஏது? எனக்கும் ஆசைதான், அதனால்தான் கேட்கிறேன்.

துவாஸ் ராத்திரி ஷிஃப்ட் (ஜனவரி 3)

அக்கா, நான் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் படித்தது ஐ.டி.ஐ. வெல்டிங். வானத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, என் தாத்தாவைத் தவிர. நெல் களத்தில் படுத்துக்கொண்டு துருவ நட்சத்திரத்தைக் காட்டுவார்.

இங்கே வந்த முதல் வருஷம் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம், புகை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஓர் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை. எங்கள் ஊரில் அது ஒரு முஷ்டி உயரம். இங்கே ஒரு சுண்டுவிரல்தான். கிரேனுக்கும் மரத்துக்கும் பின்னால் போய்விடுகிறது.

அது போனாலும் வேறு ஒன்று கிடைத்தது. இந்த மாதம் விடிகாலை 5 மணி இடைவேளையில் பார்த்தால் வடக்கே சப்தரிஷி, தெற்கே தென்சிலுவை, இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். சப்தரிஷியில் வசிஷ்டர் பக்கத்தில் இருக்கிற அருந்ததி, மழை விட்ட வானத்தில் மட்டும் லேசாகத் தெரியும். போன வருஷம் என் கல்யாணத்தில் பகலில் வானத்தைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். இப்போது நான் இங்கே 6 மணிக்கும், அவள் அங்கே வாசல் தெளிக்க எழுந்திருக்கும் 5 மணிக்கும் அருந்ததியின் உயரத்தை முஷ்டியால் அளந்து பார்க்கிறோம். அவளுக்கு முக்கால் முஷ்டி உயரம் கூட வந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு அவளே போன் செய்தாள்.

பொங்கோல் அண்ணே, எனக்கும் நேரம் இல்லை. இருப்பது பதினைந்து நிமிட இடைவேளைதான்.

பிடோக்வாசி (ஜனவரி 11)

தாத்தா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. பொங்கோல் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பணத்தை வேலைப் படிப்புக்கு வைத்திருக்கிறேன், அதையும் செய்வேன். இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆனது.

போன ஞாயிறு முழுக்க மழை. இன்று வெயில் வந்தது. எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் மாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்துக்கு அம்மாவும் நானும் போனோம். இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி ஒன்று, அதை நிறுத்த ஒரு சப்பாத்தி மாவு உருண்டை, அடியில் வைக்கப் பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம். குச்சி மாவுக்கு மேலே சரியாக 20 செ.மீ. நின்றது. நான் கண்ணால் பார்த்து நேராக இருக்கிறது என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு ஒட்டிப் பார்த்துக் குச்சியை நிமிர்த்தினார்கள். கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கிற குண்டுநூல் போல. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீடு கட்டும்போது பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அவர்களுடைய அப்பா வயலில் நின்று தன் நிழலைக் காலால் அடியடியாக அளந்து நேரம் சொல்வாராம். என் தாத்தாவைப் பற்றி இது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

12:30இலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். 12 மணி எப்போதோ போயிருந்தது, நிழலோ இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒரு மணிக்கு மேல் சிக்கல். 1:05, 1:10, 1:15 மூன்று புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில், எட்டரை செ.மீ. பக்கத்தில் விழுந்தன. எது குட்டை என்று சொல்லவே முடியவில்லை. நடுவில் மேகம் வேறு. அம்மாதான், "குட்டையைத் தேடாதே, முன்னாடியும் பின்னாடியும் ஒரே நீளம் எப்ப வருதுன்னு பாரு" என்றார்கள். 12:40 நிழலின் நீளம் மறுபடியும் 1:45க்கு வந்தது. இரண்டுக்கும் நடு 1:12 அல்லது 1:13. கணக்கின்படி இன்றைக்கு வர வேண்டியது 1:12. தாத்தா சொன்ன ஒரு மணி ஐந்து நிமிடத்தோடு ஏழெட்டு நிமிடம் கூட வருகிறதே என்று தேடினேன். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருஷம் முழுக்க ஒரே சீராக இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சிங்கப்பூரின் உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 12:48க்கும், பிப்ரவரியில் 1:19க்கும் வருகிறது. அந்தச் சாய்வு எப்படி நேரத்தை மாற்றுகிறது என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பிப்ரவரிக்கு அதுதான் என் வேலை.

அட்டையின் ஓரத்தில் அம்மாவுக்கு எழுதிக் காட்டினேன்: நம் ஏழு மணி, இன்றைய சூரியனுக்கு 5:48. "அப்ப விடியாததுல தப்பே இல்லை" என்றார்கள்.

அடுத்து மார்ச் 23 வாக்கில், 1:11க்கு, சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும், குச்சிக்கு நிழலே விழாது. அம்மாவுக்குத்தான் வருத்தம், அதற்குள் ஊருக்குப் போய்விடுவார்கள். கும்பகோணத்துக்குப் பார்த்தேன். சித்திரை பிறந்து நாலைந்து நாளில், ஏப்ரல் 18, 19 வாக்கில், 12:12க்கு அங்கேயும் நிழல் மறையும். அந்த நேரத்தைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதித் தரச் சொன்னார்கள். சாத்தே குச்சியைக் கழுவித் துடைத்து, சாவி கட்டிய நூலையும் அதிலேயே சுற்றி, பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டார்கள். சாவி எங்கள் தபால்பெட்டிச் சாவி, நான் வேறு செய்துகொள்ள வேண்டும்.