புதுப்பிப்பு: அயன் கற்றையின் எமிட்டன்ஸ் ஏற்றம் நின்றது

முன்பு இங்கே கேட்ட என் கேள்விக்கு உதவிய எல்லாருக்கும் நன்றி. பிரச்சினை: கன அயன் இணைவு (கனமான அயன் கற்றைகளால் அணுக்கருக்களை இணைப்பது) ஆய்வுக்கான பொட்டாசியம் அயன் கற்றை (300 கிலோ இலத்திரன்வோல்ற்று, 25 மில்லியம்பியர், ஆரை 10 மி.மீ.), பார்ட்டிகல்-இன்-செல் ஓட்டத்தில் (துகள்களைக் கட்டங்களிட்ட வலையில் நகர்த்தும் கணினிக் கணிப்பு) எமிட்டன்ஸ், அதாவது கற்றையின் இட, கோணப் பரவல், காரணமில்லாமல் ஏறியது.

இங்கே பதில் தந்த கல்முனைத் தம்பி சொன்னதே சரி: கட்டம் பெரிது. குறுக்கு வெப்பநிலை 0.1 இலத்திரன்வோல்ற்று என்றால் டிபை நீளம் (ஒரு மின்னேற்றத்தின் தாக்கம் மறைக்கப்படும் தூரம்) ஏறத்தாழ 0.12 மி.மீ.; வலையின் கட்டமோ 0.5 மி.மீ. கட்டம் அதைவிடப் பெரிதானால் கற்றை பொய்யாகச் சூடேறும். கட்டத்தைக் குறுக்கே 0.1 மி.மீ. ஆக்கியதும் ஏற்றம் நின்றது. நேரப்படியைக் குறைத்ததில் பயனில்லை. ஆரை-அச்சு வடிவில் கட்டங்கள் 5 மடங்குதான். முப்பரிமாணத்தில் 25 மடங்கு; என் 16 ஜிபி நினைவகம் தாங்காது.

எதிர்பாராதது: அச்சருகே இரைச்சல் கூடியது. சம எடைத் துகள்கள் (ஒவ்வொரு கணிப்புத் துகளும் ஒரே எண்ணிக்கை அயன்களைக் குறிப்பவை) நடுவில் குறைவாகவே விழும். எடையை ஆரைக்கு விகிதமாகக் கொடுங்கள், அடங்கும். மட்டக்களப்பில் கரண்ட் போகும், ஓட்டத்தை இடையிடையே சேமிக்க மறக்காதீங்க.