காரை விட்டு எலக்ட்ரிக் பைக்குக்கு மாறியவர்களே, இலங்கை மலையக ரோட்டில் மனதை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று சொல்லுங்கள்

கொட்டகலை டீச்சர்

பாடசாலைக்குக் காரில் போய்வந்தேன், இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் போகிறேன். ஏன் மாறினேன், மாதம் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு.

பத்தனைச் சந்தி தாண்டித் தோட்டத்து ரோட்டில் இறங்கினால் ஒரு கொண்டை ஊசி வளைவு. காலையில் அங்கே மூட்டம் விலகவே விலகாது. அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டது. மெல்லத்தான் வந்தேன். வளைவில் திரும்பினால் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். தலையில் கொழுந்துப் பை, அதற்கு மேல் பொலித்தீன் சீட்டை முக்காடு போல இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தச் சீட்டில் மழை விழுந்தால் காதில் வேறெதுவும் ஏறாது. கார் வந்தால் மட்டும் எஞ்சின் உறுமலுக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரம் போவார்கள். ஸ்கூட்டருக்கு அந்த உறுமல் இல்லை. கடைசியாகப் போன அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் நான் வருவது அவருக்குத் தெரிந்தது. திடுக்கிட்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். விழவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "என்னா டீச்சர், வர்றதே தெரியலையே" என்றார். அவருடைய மகள் என் வகுப்புப் பிள்ளை.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது. ரோட்டில் நடக்கிறவர்கள் காதை நம்பித்தான் நடக்கிறார்கள். நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அடிக்கவும் எனக்கு மனசு வருவதில்லை. இப்போது சைக்கிள் மணி ஒன்று பூட்டியிருக்கிறேன். வளைவு வருவதற்கு நல்ல தூரம் முன்னாலேயே அடிக்கத் தொடங்கிவிடுவேன். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

மூன்றுசில்லு, தலவாக்கலை

டீச்சர், குறை நினைக்காதீர்கள், ஹோர்ன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. மலை ரோட்டில் வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடிப்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது எதிரே வருகிறவனுக்கு நாம் கொடுக்கிற தகவல். சைக்கிள் மணி நடக்கிறவருக்குக் கேட்கும். பஸ் சாரதிக்குக் கேட்குமா? மேலே ஏறி வருகிற பஸ் கொண்டை ஊசியில் முழு ரோட்டையும் எடுத்தால்தான் திரும்பும். அந்த நேரம் நீங்கள் சத்தமில்லாமல் இறங்கி வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

நானுஓயா பக்கம் ரதல்ல குறுக்கு ரோட்டை எல்லோருக்கும் தெரியும். 2023 ஜனவரியில் அங்கே பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் போய்விட்டார்கள். அதில் இறந்த ஓட்டோக்காரரும் எங்களைப் போல வாடகைக்கு ஹயர் ஓடுகிற ஆள்தான். அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் யார் வந்தாலும் என் கண் அவர்கள் பிரேக்கைத்தான் பார்க்கும்.

போன மழைக்காலம் அதே ரோட்டில் எலக்ட்ரிக் பைக்கில் ஒரு தம்பி வந்தார். பின்னால் மனைவி, நடுவில் குழந்தை. மூட்டத்துக்குள் லைட் இல்லை. பற்றரி மிச்சம் பிடிக்க அணைத்திருக்கிறார்! வளைவில் நேருக்கு நேர் வந்தோம். நான் மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கியதால் எல்லோரும் தப்பினோம். நிறுத்திக் கேட்டேன். "அண்ணே, மேலே ஏறணும், சார்ஜ் காணாது" என்றார். அந்த லைட் எவ்வளவு சாப்பிடும் என்று யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பண்டாரவளையான்

எனக்கு இறக்கத்தில் நடந்தது. வீடு பண்டாரவளை, வேலை பதுளை. காலையில் 500 மீற்றருக்கு மேல் இறக்கம், மாலையில் அவ்வளவும் ஏற்றம். ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயங்காட்டினார்கள், இறக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் பைக்கில் பிரேக் பிடித்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சக்தி பற்றரிக்குப் போகும். பழகிவிட்டால் டிஸ்க் பிரேக்கையே தொட வேண்டியிருக்காது. ஒரு நாள் இரவு முழுக்கச் சார்ஜில் விட்டு, நிறைந்த பற்றரியோடு கிளம்பினேன். தெமோதரைப் பக்கம் வளைவில் லீவரைப் பிடிக்கிறேன், மோட்டார் பிடிக்கவில்லை. வண்டி பிடிப்பில்லாமல் உருண்டு ஓடுகிறது. பின்னால் பஸ். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து டிஸ்க்கில் மட்டும் இறங்கினேன். ஹாலிஎல வந்து நிறுத்தினால் பிரேக் கட்டை கருகிய வாடை, டிஸ்க் தொட முடியாத சூடு.

காரணம் பிறகு தெரிந்தது. நிறைந்த பற்றரிக்குள் மேலும் சக்தியைத் தள்ள முடியாது. அதனால் பற்றரியைக் காக்கிற சர்க்கிட், மோட்டார் பிரேக்கை வெட்டிவிடும். இப்படி மோட்டார் பிரேக் உள்ள வண்டியில், மேலே குடியிருந்து கீழே வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வரும். விற்றவர் சொல்லவில்லை, வண்டியோடு வந்த புத்தகத்திலும் சிங்களம், தமிழ் எதிலும் இல்லை. இப்போது எண்பது, எண்பத்தைந்து வீதத்தில் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். பற்றரிக்கும் அது நல்லது.

மூன்றுசில்லு அண்ணே, எல்ஈடி லைட் ஏற்றத்துக்குப் போகிற கரண்டோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்தத் தம்பியை மறுபடி கண்டால் சொல்லுங்கள்.

பேராதனை ரோடு

சின்ன அனுபவம்தான். காரில் கண்டிக்குள் நுழையவே அரை மணித்தியாலம், நிறுத்த இடம் தேட இன்னொரு பாடு. பெடல் உள்ள எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினேன். அப்பாவின் மருந்துச் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போய், அவர் கிளினிக் வரிசையில் இருக்கும்போதே மருந்தோடு திரும்பி வந்தேன். "எங்கடா, இன்னும் போகலையா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே வாங்கலாம்.

கண்டி கராச்

இப்படி வண்டிகளைத்தான் தினமும் திருத்துகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் சம்பவம் சின்னது. ரம்பொடைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி வண்டியை மரக்கறி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார். "அண்ணா, மீற்றரில் பாதிக்கு மேல சார்ஜ் காட்டுது, ஏற்றத்தில நிக்குது" என்றார். வண்டியில் கோளாறே இல்லை. ஈயமும் அசிட்டும் உள்ள பழைய லெட் அசிட் பற்றரி. சமதரையில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும்போது வோல்ட் சடாரென்று விழும், மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கன்ட்ரோலர் வெட்டிவிடும். ஐந்து நிமிடம் நின்றால் வோல்ட் மறுபடி ஏறும், மீற்றர் பாதிக்கு மேல் காட்டும். அவர் அந்த ரோட்டில் இருட்டும்வரை தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறார்.

இனி, வாங்கப் போகிறவர்கள் கணக்குப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் கிலோமீற்றர் சமதரைக்கானது. மலையில் உயரத்தைப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்த்து 150 கிலோ என்றால் 100 மீற்றர் ஏற 41 வோட் அவர் (ஆயிரம் வோட் அவர் சேர்ந்தால் கரண்ட் பில்லில் ஒரு யூனிட்). மோட்டாரும் கன்ட்ரோலரும் சூடாக விரயமாக்குவதைச் சேர்த்தால் 50க்கு மேல். 60 வோல்ட் 20 அம்பியர் அவர் பற்றரி என்றால் மொத்தமே 1,200 வோட் அவர். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. ஏறுவதற்கு மட்டும் 700 போய்விடும். அதற்கு மேல் 75 கிலோமீற்றர் தாண்டிய தூரத்துக்கும் வேண்டும். ஒரே மூச்சில் போகாது. ஆனால் கொட்டகலையில் இருந்து ஹட்டனுக்கோ, வெலிமடைப் பக்கத்து ஊரில் இருந்து வெலிமடை டவுனுக்கோ போய்வர இது தாராளம். காரில் நாம் போகிற பயணத்தில் முக்கால்வாசி இப்படிப்பட்டதுதானே.

பெடல் சைக்கிள் வாங்குகிறவர்கள் மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறதா, சில்லில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெடல் அச்சில் இருந்தால் கியரைக் குறைத்து மெல்ல ஏறலாம். சில்லில் இருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் மெல்லப் போகப் போக மோட்டார் சூடேறும். ஏறி வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள், பற்றரி ஆறட்டும். நுவரெலியாவில் தை, மாசியில் துகள் பனி விழுகிற இரவுகளில் லித்தியம் பற்றரியை வெளியே வைத்துச் சார்ஜ் பண்ணக் கூடாது, உறைகுளிரில் ஏற்றினால் உள்ளே பழுதாகும். வீட்டுக்குள் எடுங்கள். சார்ஜருக்குத் தனி சொக்கட், நல்ல எர்த் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டர் வகைக்குப் பதிவும் லைசனும் ஹெல்மட்டும் கட்டாயம். "எலக்ட்ரிக்தானே" என்று பொலிஸ் விடாது. டயர் காற்று, பிரேக் கட்டை இரண்டையும் மாதம் தவறாமல் பாருங்கள்.

லயத்துப்பிள்ளை, பொகவந்தலாவை

கராச் அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் "தனி சொக்கட், நல்ல எர்த்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. எங்கள் லயத்தில் ஒரு கம்பத்தில் இருந்து வருகிற வயரில் எத்தனை காம்பரா தொங்குகிறது தெரியுமா?

எங்களிடம் கார் இருந்ததில்லை. அம்மாவைக் கிளினிக் கொண்டுபோக, டவுனில் சாமான் எடுக்க, ஹயருக்கு ஓட்டோவோ காரோ பிடிப்போம், கூலியில் பாதி அதற்கே போகும். கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசில் ஒரு பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் கொண்டுவந்தேன். முதல் நாள் பொழுதுபட்டு பிளக்கைக் குத்தினேன். பக்கத்துக் காம்பராவில் இருந்து சத்தம். சுவருக்கு மேலே இடைவெளி இருக்குமே, அதற்குள்ளால் பார்த்தால் அங்கே பல்ப் மின்னி மின்னி எரிகிறது. அடியில் பெரியம்மாவின் பேத்தி புத்தகத்தை முகத்துக்கிட்ட வைத்துக்கொண்டு இருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நேரம். கழற்றினேன், பல்ப் நின்று எரிந்தது. மறுபடி குத்தினேன், மின்னியது. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வண்டி ஓடணும்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பிள்ளைகள் படித்து முடித்த பிறகு, இரவு பத்துக்கு மேல்தான் ஏற்றுகிறேன். ஒரு தடவை முழுக்க ஏற்ற ஒன்றரை யூனிட்டுக்குள்தான் போகும், அயன் பொக்ஸ் இழுக்கிற கரண்டில் பாதிகூடச் சார்ஜர் இழுக்காது. அதைக்கூடத் தாங்காத வயரில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். பெட்ரோல் இல்லாத வண்டி என்று பேசுகிறவர்கள் லயத்து வயரிங்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

வட்டவளை மழை

தம்பி பேசியது நியாயம். 2022 ஜூன் கடைசியை மறந்துவிட்டோமா? அத்தியாவசிய சேவை தவிர வேறு யாருக்கும் பெற்றோல் இல்லை என்று அறிவித்தார்களே, அந்த நாட்கள். என் கார் ஹட்டன் ரோட்டு வரிசையில் நிற்கிறது, நான் அதற்குள் படுத்திருக்கிறேன். வீட்டில் மனைவிக்கு இன்சுலின் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி எலக்ட்ரிக் பைக்கில் டவுனுக்குப் போய், ஐஸ் போட்ட சாப்பாட்டுப் போத்தலுக்குள் வைத்து மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வட்டவளை மழை தெரியும்தானே, ஆள் முழுக்க நனைந்து, போத்தலை மட்டும் ஜெக்கட்டுக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாராம். அன்றைக்குக் கரண்டும் வெட்டுத்தான். வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் ஏற்றிய சார்ஜ் அது. பிறகு கியூஆர் கோட் காட்டி எரிபொருள் எடுக்கிற முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தது. ஆனால் நான் அதற்குள் தீர்மானித்துவிட்டேன். கார் இப்போதும் இருக்கிறது, கடும் மழைக்கும் குடும்பமாகப் போகவும் எடுப்போம்.

அப்புத்தளை அக்கா

எல்லோரும் ஓட்டுவதைச் சொன்னீர்கள். என் வீட்டுப் பின்பக்கம் ஐந்து பழைய லெட் அசிட் பற்றரி கிடக்கிறது. புதிதாக லித்தியம் போட்ட பிறகு பழையதை அங்கே அடுக்கினோம். போன கிழமை தங்கச்சி மகன் ஒன்றை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மூடி வெடித்து, சட்டையில் அசிட் பட்டு ஓட்டை ஓட்டையாகிவிட்டது. நல்லவேளை, தோலில் படவில்லை. உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவினேன், கை நடுக்கம் நிற்க வெகுநேரமானது.

பழைய இரும்பு எடுக்கிறவர் கிலோக் கணக்கில் கேட்கிறார். ஈயத்தை ஊருக்குள்ளேயே உருக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் கொடுக்க மனமில்லை. இந்த மலையில் தண்ணீர் எல்லாம் ஊற்றுத் தண்ணீர், மேலே கொட்டினால் கீழே இருக்கிறவர்கள் குடிப்பார்கள். கராச் அண்ணா, நீங்கள் கழற்றுகிற பற்றரிகளை எங்கே கொடுக்கிறீர்கள்? பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒழுங்காக எடுத்துக்கொள்கிற இடம் இருந்தால் யாராவது எழுதுங்கள். அதுவரைக்கும் ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, மழை படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.