புதுப்பிப்பு: வாஷ்பேசின் அடியில் இறுகியிருந்த நட் கழன்றது
வாஷ்பேசினுக்கும் சுவருக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில் பழைய குழாயின் நட் அசையவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். கழன்றுவிட்டது! நட் பித்தளை, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. மரையை (நட்டின் திருகுப் புரிகளை) பிடித்திருந்தது கடினநீரின் சுண்ணாம்புப் படிவு. அதனால் எண்ணெயைவிட வினிகர்தான் உதவியது. அதில் நனைத்த துணியை நட்டைச் சுற்றி இரவு முழுக்கக் கட்டிவைத்தேன். அப்புறம் நீளத் தண்டுள்ள பேசின் ரெஞ்சால் (கை நுழையாத இடத்தில் நட்டைத் திருப்பும் கருவி) முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்து, பிறகு தளர்த்தினேன். கீழிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மேலே குழாயை ஒருவர் அசையாமல் பிடித்தே ஆகணும், இல்லாவிட்டால் பீங்கான் விரிசல் விடலாம். நட்டுக்குச் சூடுகாட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. பீங்கான் பக்கத்தில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு நட் எதற்கும் மசியவில்லை. ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி, அதை அறுத்தே எடுத்தேன்.