ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசுற வம்சாவளி) ஜர்னலிசம் பசங்களோட பழகின அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

எல்பாசோவெயில்: டெக்சாஸ் எல் பாசோ யுனிவர்சிட்டில எம்எஸ் படிச்சப்ப என் ரூம்மேட் ஜர்னலிசம், அவ வீடு பார்டருக்கு அந்தப் பக்கம் மெக்சிகோல இருக்குற ஹுவாரெஸ், லீவுக்குப் போய்ட்டு திரும்பி வர்றப்ப பாலத்து க்யூல நின்னுக்கிட்டே போன்ல ஸ்டோரி எடிட் பண்ணுவா. அங்க பார்டர்ஸீன்னு ஒரு வெப் மேகசின் இருக்கு, ஸ்டூடண்ட்ஸ் எழுதுறதுதான், ஆனா மார்க் வாங்கிட்டு மூட்டை கட்டி வைக்கிற கதை இல்ல, பேரோட வெளிய வரும். இன்டர்வியூல இவகிட்ட ஜிபிஏ பத்தி யாரும் வாயே திறக்கல, இந்த லிங்க்கைத்தான் கேட்டாங்க.

பத்திரிகையாளர் ரூபன் சலசார் அதே ஹுவாரெஸ்ல பொறந்து அதே காலேஜ்ல படிச்சவர்னு அவ பெருமையா சொல்லுவா. எல் பாசோ ஜெயில் லட்சணத்தை எழுதணும்னு குடிகாரன் மாதிரி நடிச்சு அரெஸ்ட் ஆகி உள்ள போன மனுஷன்! அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் போய், 1970 ஆகஸ்ட் 29 சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள்) ஊர்வலத்தன்னிக்கு ஷெரிஃப் டெபுட்டி சுட்ட கண்ணீர்ப்புகை குண்டு பட்டு செத்துட்டார். 1984ல ஆரம்பிச்ச என்ஏஹெச்ஜே, அதான் ஹிஸ்பானிக் பத்திரிகையாளர் சங்கம், அவர் பேர்ல ஸ்காலர்ஷிப் குடுக்குது. பணத்தை விட அவங்க வருஷாந்திர மாநாடுதான் மேட்டர். ஸ்டூடண்ட்ஸுக்குன்னு அங்கயே ஒரு நியூஸ்ரூம் போட்டு சீனியர்ஸ் தலைமேல நின்னு வேலை வாங்குவாங்க, பக்கத்து ஹால்லயே வேலைக்கு ஆள் எடுக்குற கம்பெனிங்க ஸ்டால்.

குயின்ஸ்வாசி: நான் பாத்தது நியூயார்க்ல. குனி, அதான் நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியோட ஜர்னலிசம் ஸ்கூல்ல 2016ல ஸ்பானிஷ், இங்கிலீஷ் ரெண்டுலயும் ட்ரெய்னிங் குடுக்குற கோர்ஸ் ஆரம்பிச்சாங்க. எங்க பில்டிங் பையன் ஒருத்தன் அதுல சேந்தான், வீட்ல ஸ்பானிஷ் அருவி மாதிரி கொட்டும், எழுதச் சொன்னா முழிப்பான், நம்ம வீட்டுப் பசங்க தமிழ் கதைதான். அது சரியாச்சுன்னா யூனிவிசன், டெலிமுண்டோன்னு ஸ்பானிஷ் டிவி பக்கமும் போலாம், இங்கிலீஷ் பேப்பர் பக்கமும் போலாம். ஆனா ஒண்ணு, இவன் சேந்த லோக்கல் பேப்பர்ல எந்த ஸ்பானிஷ் போன் வந்தாலும் இவன் தலைலதான், அடுத்தவன் ஸ்டோரிக்கும் ட்ரான்ஸ்லேஷன் இவன்தான், சம்பளம் மட்டும் எல்லாருக்கும் ஒரே சம்பளம். சேர்றப்பவே பேசி வாங்கணும்ங்க அதெல்லாம்.

எல்பாசோவெயில்: @குயின்ஸ்வாசி அய்யோ ஆமா, என் ரூம்மேட்டும் இதே புலம்பல். யாராவது நம்மாளுங்க பசங்க ஜர்னலிசம் படிக்கிறாங்கன்னா இதே மாதிரி ஏஏஜேஏன்னு ஆசிய அமெரிக்க பத்திரிகையாளர் சங்கம் இருக்கு, 1981ல இருந்து, ஸ்டூடண்டா இருக்கப்பவே மெம்பர் ஆகிடச் சொல்லுங்க.